பூ வைக்க வந்த ஞாயிற்றுக்கிழமை

அத்தியாயம் 17

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சொல்லிவைத்த புண்ணியவான் மட்டும் கையில் கிடைத்திருந்தால், அபி அவரை நாலு கேள்வி கேட்டிருப்பார். ஆயிரம் எதற்கு? அபி சொன்னது ஒரே ஒரு பொய். பதினெட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போய்த் திருப்பித் தராததால் படிக்க முடியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி சிமெண்ட் கடை வைத்திருப்பவர் சுப்பராயலு. அவருக்கும் கிளியம்மாளுக்கும் ஒரே பிள்ளை அபிதகுஜாம்பாள். எல்லோருக்கும் அபி. வயது இருபத்தேழு. காது வரை வெட்டிய முடி, அப்பாவின் பழைய சட்டை, காலில் மட்டும் மெல்லிய கொலுசு. ஆறு வருஷமாக வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பியாயிற்று.

தன்னைப் பெண் என்று நினைக்க அபிக்கு ஒருநாளும் வந்ததில்லை. சரி, ஆணாக இருக்க ஆசையா என்றால் அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்து நிறுத்தும்போதே, இரண்டும் நம் வரிசை இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கு ஒரு பெயர் இருந்தால் வீட்டில் சொல்லியிருக்கலாம். இந்த 1993 வரைக்கும் அப்படி ஒரு பெயர் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. தெருவில் கூவுகிற பெயர்கள் உண்டு, அவற்றை நான் எழுதுவதற்கில்லை. அபியை நான் ‘அவர்’ என்றே எழுதிவருவதற்கும் இதுதான் காரணம்.

சிட்டிபாபு சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் படம் வரைகிறவர். தோள் வரை முடி, இரண்டு காதிலும் சின்னக் கடுக்கன். பிறந்தபோது ஆண் குழந்தை என்று ஊருக்கே சர்க்கரை கொடுத்தார்கள். சிட்டி மனதளவில் ஆணாகவும் வளரவில்லை, பெண்ணாகவும் வளரவில்லை. அச்சு அசல் அபியைப் போல.

இருவரும் சந்தித்தது மின்சார ரயிலில், வியாபாரிகள் ஏறும் பெட்டியில். லேடீஸ் பெட்டியில் ஏறினால் “ஏய் மிஸ்டர், இறங்கு” என்று அபியை விரட்டுவார்கள். பொதுப் பெட்டியில் சிட்டியின் முடியைப் பிடித்து இழுப்பார்கள். கீரைக் கட்டும் பூக்கூடையும் ஏறுகிற பெட்டியில் மட்டும் யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. “என்னை மாதிரி இன்னொருத்தர் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது” என்று சிட்டி சொன்னபோது, அபி வேலைக்குப் போகிற ஊரப்பாக்கத்தில் இறங்க மறந்து செங்கல்பட்டு வரை போனார். அது நடந்து மூன்று வருஷம்.

பதினெட்டு நாளைக்கு முன் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் இருவரையும் சுப்பராயலு பார்த்துவிட்டார். “யாரு அது? பையன்தானே?” என்று கேட்டார். அபி பயத்தில் “ஆமாம்ப்பா” என்றார். சுப்பராயலுவுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஜனம், நல்ல வேலை, பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. வேறென்ன வேண்டும்?

இருவரும் ரயிலில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு மணி நேரம் மாப்பிள்ளை, பெண் வேஷம் போட்டால் போதும், பிறகு ஆயுசு முழுக்க ஒரே கூரையில் நிம்மதியாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் இன்றைக்கு வந்துவிட்டது.

“ஆடாதடீ. ஊசி குத்திடும்” என்றாள் கிளியம்மாள்.

காது வரை இருந்த முடியை எண்ணெய் வைத்து இழுத்து, பின்னால் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அதில் இடுப்பு வரைக்கும் தொங்கும் சவுரியைக் கோத்துக்கொண்டிருந்தாள். பதினோரு கொண்டை ஊசி இறங்கிவிட்டது. பன்னிரண்டாவதை வாயில் கடித்திருந்தாள்.

“அம்மா, வலிக்குது.”

“வலிக்கட்டும். அவங்க வந்து பூ வெச்சுட்டுப் போற வரைக்கும் தலையத் திருப்பாதே. குனியாதே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மாப்பிள்ளையோட அம்மா பாவம், வெள்ளந்தியா பேசுறாங்க. ஆடி முடிஞ்ச மொத ஞாயிறே வெச்சுக்கலாம்னாங்க. நானும் சரின்னுட்டேன். நாள் தள்ளினா நாலு பேர் நாலு சொல்லுவாங்க.”

அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? இருபது வருஷமாக அபியால் கண்டுபிடிக்க முடியாத விஷயம் இது. கேட்கவும் பயம். கண்ணாடியில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் தெரிந்தாள். நல்ல லட்சணமான பெண்தான். அபி அவளை இதற்கு முன் பார்த்ததில்லை.

பத்தரை மணிக்கு வந்துவிட்டார்கள். சிட்டியின் அம்மா தாயாரம்மாள், கணவரை இழந்தவர், கையில் பூத்தட்டுடன் முன்னால் வந்தார். பின்னால் சிட்டி.

சிட்டியின் முடியைக் காணோம். ஒட்ட வெட்டி, வகிடு எடுத்து, மீசை வேறு அரும்பவிட்டிருந்தார். மொடமொடப்பான வெள்ளை வேட்டி சட்டை. நடையில்கூட ஒரு விறைப்பு.

“வாங்க மாப்ளே!” என்று சுப்பராயலு கையைப் பிடித்து உட்காரவைத்தார். “ஸ்டேஷன்ல பாக்கும்போது இன்னாவோ சாமியார் மாதிரி முடி வெச்சிகினு இருந்தீங்க. இப்பப் பாரு, ராஜா மாதிரி கீறீங்க.”

சுப்பராயலுவின் அண்ணன் அப்பாதுரைதான் சபைக்குப் பெரியவர். வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பன்னெண்டு மணிக்கு எமகண்டம் பொறந்துடும். மளமளன்னு ஆவட்டும். பூ வைங்கம்மா.”

தாயாரம்மாள் மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு அபியின் பின்னால் வந்து நின்றார். அவருடைய விரல்கள் சவுரி முடிச்சில் பட்டன. நின்றன. பட்டென்று ஒரு ஊசி நழுவுவதை அபி உணர்ந்தார். முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தாயாரம்மாள் நழுவிய ஊசியைத் திரும்பவும் ஆழமாகச் செருகி, வெளியே தெரியாமல் மேலே பூவைச் சுற்றிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அடுத்து கிளியம்மாள் மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசப் போனாள். சிட்டியின் பிடரியில் புதிதாக வெட்டிய இடம் வெளிறிக் கிடந்தது. காது மடலில் கடுக்கன் துளை. கிளியம்மாளின் கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு சந்தனத்தைக் கழுத்தில் பூசியவள், கொஞ்சம் காது மடலிலும் தடவி, துளையை அடைத்துவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அங்கே இரண்டு பூசணிக்காயை இரண்டு பேர் போட்டிபோட்டு மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அப்போது அபிக்கு அது உறைக்கவில்லை. சிட்டியின் தலையை விட்டு அவர் கண் நகரவே இல்லை.

“பொண்ணும் பையனும் ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும். காலம் மாறிப்போச்சு” என்றார் அப்பாதுரை பெருந்தன்மையாக. “அஞ்சு நிமிஷம்தான்.”

பின்பக்கம் அடிபம்பு ஓரமாக நின்றார்கள்.

“முடி எங்கே?” என்றார் அபி.

“வெட்டிட்டேன்.”

“யார் வெட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லல. பையன்னா இப்படித்தானே வரணும்?” சிட்டி சிரிக்கப் பார்த்தார். “நீ மட்டும் என்னவாம்? இந்தப் புடவைக்குள்ள உன்னைத் தேடிக்கிட்டிருக்கேன் அபி. கொலுசைப் பாத்துத்தான் நீதான்னு நம்பினேன்.”

“சிட்டி, என்னால இது முடியாது.”

“ஒரு மணி நேரம்னுதானே பேசினோம்?”

“எங்கே ஒரு மணி நேரம்? இன்னிக்குப் பூ. அடுத்தது முகூர்த்தம். அப்புறம் மறுவீடு, தலை தீபாவளி. எப்பக் கொழந்தைம்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் நீ முடி வெட்டணும், நான் சவுரி வைக்கணும்.” அபி புடவைத் தலைப்பைக் கசக்கினார். “அதைக்கூடப் பொறுத்துக்குவேன். உள்ளே ஒரு மாப்பிள்ளை உக்காந்திருந்தாரே, அவரைப் பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணல சிட்டி. யாரோ மாதிரி இருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு. நான் ஆசைப்பட்டது அந்த ஆளை இல்ல.”

சிட்டி பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உண்மையச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? நமக்கு யார் வூடு குடுப்பா? ராத்திரில எவன் வந்து கதவைத் தட்டுவானோ. கல்யாணம்னு ஒண்ணு ஆயிட்டா எவனும் கேக்க முடியாது. எனக்கு முப்பது வயசாகப் போகுது அபி. அடி வாங்காம ஒரு இடத்துல இருக்கணும்னு ஆசையா இருக்கு. உன்கூட இருக்கணும். அவ்ளோதான்.”

சிட்டி சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. உள்ளேயிருந்து அப்பாதுரை கூப்பிட்டுவிட்டார்.

மணி பதினொன்றே முக்கால். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் என்று நிறைந்த இரண்டு தட்டு. ஒன்றைச் சுப்பராயலு பிடித்துக்கொண்டார், ஒன்றைத் தாயாரம்மாள் பிடித்துக்கொண்டார். தட்டை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு மாற்றிப் பேசினால் இரண்டு குடும்பத்துக்கும் ஊரில் மரியாதை கிடையாது.

அப்பாதுரை தொண்டையைக் கனைத்தார். “இரும்புலியூர் சுப்பராயலுவோட பொண்ணை, சிங்கப்பெருமாள் கோவில் தாயாரம்மாளோட பையனுக்கு...”

“பெரியப்பா, இருங்க.”

அபிதான். எழுந்து நின்றிருந்தார். “அப்பா, அன்னிக்கு ஸ்டேஷன்ல பையன்தானேன்னு கேட்டீங்க. நான் ஆமாம்னேன். அது பொய். சிட்டி பையன் இல்ல. நானும் பொண்ணு இல்லப்பா. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்தே இல்ல. சிட்டியும் அப்படித்தான். அதனாலதான் எங்க ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு.”

அப்பாதுரை கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

“இன்னா ஒளர்றே?” சுப்பராயலு தட்டைக் கீழே வைக்கவில்லை. “வெயில்ல நின்னியா? தலை கிலை சுத்துதா?” சிட்டியின் பக்கம் திரும்பினார். குரலில் கெஞ்சல் இருந்தது. “மாப்ளே, இது இன்னாவோ பேஜார் பண்ணுது. நீ சொல்லுப்பா. நீ ஆம்பளைதானே? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. தட்டை மாத்திட்டுப் போய்கினே இருப்போம்.”

எல்லோரும் சிட்டியைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் வீடு, கதவுக்குத் தாழ்ப்பாள், ஊரின் மரியாதை, பக்கத்தில் அபி. சிட்டி சொல்லிவிடுவார் என்றுதான் அபி நினைத்தார். சொன்னாலும் கோபித்துக்கொள்ள முடியாது என்றும் நினைத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

சிட்டி எழுந்தார். கழுத்துச் சந்தனத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“இல்லீங்க” என்றார். “ஆமான்னு சொல்லத்தான் வந்தேன். முடியைக்கூட அதுக்குத்தான் வெட்டினேன். ஆனா அபிக்கு இந்த ஆளைப் புடிக்கலையாம். எனக்கும் இந்தப் பட்டுப்புடவைப் பொண்ணைத் தெரியாது. நான் ஆம்பளை இல்லீங்க. பொம்பளையும் இல்ல. அபி எப்படியோ அப்படித்தான் நானும். எங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும். அது போதும்.”

“அட கடவுளே!” அப்பாதுரை தலையில் கை வைத்தார். “இன்னாடா இது, அர்த்தநாரீஸ்வரர் மாதிரின்றாங்களா?”

“அவரு பாதி ஆணு, பாதி பொண்ணு பெரியப்பா. நாங்க அந்த ரெண்டு பாதியும் இல்ல” என்றார் அபி.

“அப்போ மீதி இன்னாதான் கீது?”

“நாங்கதான் இருக்கோம்.”

அப்பாதுரை மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். சுப்பராயலு தாயாரம்மாளைப் பார்த்தார். “ஏம்மா, பாவம், உனக்கும் தெரியாமத்தான்...”

தாயாரம்மாள் உடைந்துபோனார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். “தெரியுங்க. ஏழு வயசுலேருந்து தெரியும். உங்க பொண்ணு நல்ல மாதிரி, எப்படியாவது அனுசரிச்சுக்கும்னு நெனைச்சு மறைச்சுட்டேன். அதான் நாள் குறிக்கிறதைக்கூட அவசரப்படுத்தினேன். ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுக்கப் பாத்தேன். என்னை மன்னிச்சுடுங்க.”

கிளியம்மாள் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, நான் உங்களை ஏமாத்துறேன்னு ராவெல்லாம் அழுதுகினு இருந்தேனே! உங்க பையன் நல்ல மாதிரி, எப்படியும் என் புள்ளையைச் சகிச்சுக்கும்னு நானும் அதையேதானே பண்ணேன்!” மூக்கைச் சிந்தினாள். “சவுரி கைல பட்டுச்சே உங்களுக்கு? ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா நீங்க என் புள்ள காதைப் பத்திக் கேப்பீங்களே.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாயாரம்மாள் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். கிளியம்மாளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சிரிக்காதவர் ஒருவர்தான். சுப்பராயலு தட்டைத் தரையில் வைத்தார். மெதுவாக, ஒரு பாக்குகூடச் சிதறாமல் வைத்தார்.

“உனக்குத் தெரியும்” என்றார் மனைவியைப் பார்த்து. “அந்தம்மாவுக்குத் தெரியும். இதுங்க ரெண்டுக்கும் தெரியும். அப்போ இந்த வூட்ல எனக்கு மட்டுந்தான் தெரியாது. இல்லே?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே அப்பாதுரையும், “பன்னெண்டு ஆயிப்போச்சு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவினார். தாயாரம்மாள் சிட்டியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். போகும்போது சிட்டி வாசலில் நின்று அபியை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

அபி ஊசிகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்கு நடந்தார். அடித்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் வழியெல்லாம் பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். சுப்பராயலு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியெல்லாம் சிமெண்ட் தூசி.

“அப்பா.”

சுப்பராயலு மூட்டைச் சாக்கை நகத்தால் கீறினார்.

“பயத்துலதான் சொல்லலப்பா.”

“நான் உன்னை அடிச்சிருக்கேனா?”

“இல்ல.”

“பேன்ட் சட்டை போட்டப்ப வேணாம்னேனா? வரன் வந்து வந்து திரும்பிப் போச்சு, ஒரு வார்த்த திட்டியிருப்பேனா?” அவர் நிமிர்ந்து பார்த்தார். “பின்ன இன்னாடா பயம் எங்கிட்ட?”

அபி அழுதுவிட்டார். சின்ன வயசில் அழுதமாதிரி, சத்தம் போட்டு. சுப்பராயலு அழவிட்டார். ஒரு லாரி ரோட்டில் போய் முடியும் வரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

“நீ சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தப் புள்ள ஆமான்னு சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்பே?”

“தெரியலப்பா. கட்டியிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்.”

“அது உன்னை விட்டுடக் கூடாதுன்னுதான் இல்லன்னுச்சு. அதுக்கு வூடு போச்சு, கல்யாணம் போச்சு, நாலு பேர் முன்னால மானம் போச்சு. அப்பவும் இல்லன்னுச்சு.” சுப்பராயலு மூட்டைச் சாக்கைக் கீறிக்கொண்டே இருந்தார். “நான் உங்கம்மாவைக் கட்டும்போது யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா அவ்ளோ தைரியமா ஒரு பதில் சொல்லியிருப்பேனான்னு யோசிச்சிகினு இருந்தேன்.”

அபி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நாளைக்கு அந்தப் புள்ளைய இங்க அனுப்பு. தனியா வரணும். நீ கூட வரக் கூடாது, உங்கம்மாவும் வரக் கூடாது.”

“எதுக்குப்பா?”

“பெத்த புள்ளைய ஒருத்தர் கைல குடுக்கறதுன்னா, அந்த ஒருத்தரைப் பாக்க வேணாமா? இன்னிக்கு நான் மாப்ளேன்னு கையப் புடிச்சு உக்கார வெச்சது அது இல்லன்னுட்டீங்க. அது எப்படியோ அப்படியே வரச் சொல்லு.”

“அப்பா...”

“சரின்னு சொல்லிடுவேன்னு நெனைச்சிகினு வர வேணாம். அதையும் சொல்லிடு.” எழுந்து வேட்டியைத் தட்டினார். “ஆனா வரச் சொல்லு.”

அபி ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்து, சிங்கப்பெருமாள் கோவில் போகிற அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடினார்.